பூவை அறுத்த பிறகு நின்ற தட்டை

நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள். தாவரவியல் ரெக்கார்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டீச்சர் சொல்லியும் அசையாமல் முறைத்துக்கொண்டு நின்ற அடங்காப்பிடாரி யார் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அதற்குக் கீழே ஆளுக்கு நாலு சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியைப் போட்டீர்கள். போடுங்கள் அம்மா. முட்டிவலியும் தலைச்சாயமுமாக நாற்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், இந்த வயதில் சிரிக்க ஏதாவது கிடைத்தால் நல்லதுதான். ஆனால் நீங்கள் சிரிப்பது பாதிக் கதைக்கு. மீதி நடந்தபோது மணி அடித்து நீங்கள் எல்லாரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டீர்கள். அதை அந்த அடங்காப்பிடாரி நானே சொல்கிறேன். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு அந்தச் சூரியகாந்தித் தண்டைக் கொடுத்தாலும் அதே படத்தைத்தான் வரைவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாம் விருதுநகரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தோம். நமக்கு ஆய்வகம் என்று கொடுத்தது பழைய தையல் வகுப்பு அறை. ஜன்னலோரம் நீள மேசை, மேலே ஓடாத ஃபேன், அலமாரியில் பார்மலினில் ஊறிப்போய் வெளுத்த ஏதேதோ. நுண்ணோக்கி நாலைந்து இருந்தாலும் லென்சு ஒழுங்காக இருந்தது ஒன்றுதான். அதில் டீச்சர் கடையில் வாங்கிய ஸ்லைடு ஒன்றை மாட்டி வைப்பார். நாம் வரிசையில் வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடி, தெரிந்ததோ தெரியவில்லையோ தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைவோம். அப்படித்தான் நமக்கு முன்னால் இருந்தவர்களும் வரைந்தார்கள், பத்துக்குப் பத்து வாங்கினார்கள்.

எனக்கு அந்த வெட்டும் வேலை பிடித்துப்போனது. சவர பிளேடைத் தண்ணீரில் நனைத்து, தண்டை இடது கையில் நிமிர்த்திப் பிடித்து, பிளேடைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். தடியாக வந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கே தெரியாத அளவு மெலிசாக, வாட்ச் கிளாஸ் என்கிற குழிக்கண்ணாடித் தண்ணீரில் விழுந்ததும் எங்கே போனது என்று தேட வைக்கிற மாதிரி ஒன்று வர வேண்டும். அதைப் பிரஷ்ஷால் எடுத்துச் சாஃப்ரனின் சாயத்தில் போட்டு, அலசி, கிளிசரின் ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடி மூடினால் ஸ்லைடு. முதல் தடவை நானே வெட்டிய மக்காச்சோளத் தண்டு லென்சுக்குள் தெளிந்து வந்தபோது மூடியிருந்த கண்ணைத் திறக்கவே மறந்துபோனேன். சிவப்புச் சிவப்பாகக் கற்றைகள், ஒவ்வொன்றிலும் கண்ணும் மூக்கும் போல ஓட்டைகள், தண்டு முழுக்க இறைந்து கிடந்தன. யாரும் சொல்லாமல், யாரும் காட்டாமல், நான் பார்த்தேன்.

மக்காச்சோள வேரையும் வெட்டினேன். நடுவில் பித் என்கிற சோறு, அதைச் சுற்றி நெருக்கமாகத் தண்ணீர் ஏற்றும் சைலம் குழாய்கள். அவரை வேர் வெட்டுவதற்குள் ஒடிந்து ஒடிந்து உயிரை வாங்கியது, ஆனால் கடைசியில் ஒன்று நன்றாக வந்தது. நாலு முனைச் சைலம், புத்தகத்தில் போட்டபடி அச்சாக. மூன்றையும் பார்த்து வரைந்தேன், மூன்றுக்கும் டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஆகையால் நான் புத்தகத்துக்கு விரோதி என்று யாரும் சொல்ல வேண்டாம். புத்தகம் சரியாகச் சொன்ன இடத்தில் நானும் சரி என்றுதான் சொன்னேன்.

வம்பு நாலாவதில் வந்தது. இருவிதையிலைத் தண்டு, சூரியகாந்தி. தண்டு கொண்டுவரும் முறை அந்த வாரம் மல்லாங்கிணற்றுக்காரிக்கு. இப்போது மகளைக் காலேஜில் சேர்க்கப் போகிறேன் என்று குழுவில் எழுதுகிறாளே, அவளேதான். அவர்கள் கிணற்றுத் தோட்டத்தில் பூவை அறுத்து எடுத்துப் போன பிறகு விறகுக்கென்று நிறுத்தியிருந்த தட்டையை ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். தடித்த தட்டை. பிளேடு அதில் கறுக் கறுக்கென்று மாட்டியது. உங்களில் பாதிப்பேர் பிளேடு முனை உடைந்ததும் போதும் என்று வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தீர்கள். நான் பிளேடு மாற்றி மாற்றி வெட்டினேன்.

புத்தகப் படத்தில் கற்றைகள் வட்டமாக நிற்கும், ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். நான் வெட்டியதில் இடைவெளியே இல்லை. சிவப்பு வளையம் சுற்றிவர மூடிக் கிடந்தது. சாயம் ஏறியது தப்போ என்று மறுபடி வெட்டினேன். தண்டின் அடிப்பக்கம், மேல்பக்கம் எல்லாம் வெட்டிப் பார்த்தேன். உச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது, கீழே வர வர மூடிக்கொண்டது. நான் மூடிய வளையத்தை வரைந்து, பாகங்களுக்குப் பெயர் எழுதி, டீச்சரிடம் நீட்டினேன்.

டீச்சர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“என்னம்மா இது, மாட்டுவண்டிச் சக்கரமா?”

“நான் பாத்தது டீச்சர். ஸ்லைடு இருக்கு, வந்து பாருங்க.”

“எத்தனை வருசமா இந்தப் பாடம் எடுக்குறேன், நான் பாக்காத சூரியகாந்தியா? புத்தகத்துல இருக்கிற மாதிரி வரைஞ்சிட்டு வா.”

“புத்தகத்துல இருக்கிறது இதுல இல்லையே டீச்சர்.”

“அப்ப கையெழுத்தும் இல்ல. ரெக்கார்டு முடியலன்னா செய்முறைத் தேர்வுக்கு உள்ளயே விடமாட்டாங்க, ஞாபகம் வச்சுக்கோ.”

நீங்கள் சிரிக்கிற பாதி இதுதான். டீச்சருக்கு என்ன பயம் என்று இப்போது எனக்குப் புரியாமல் இல்லை. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் புத்தகத்துப் படத்தைத்தான் தேடுவார், ஒரு பிள்ளைக்கு மார்க் குறைந்தால் டீச்சரைத்தான் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்பார். புரிந்துவிட்டால் மன்னித்துவிட வேண்டுமா என்ன. ஸ்லைடு பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து வந்து ஒரு கண்ணை வைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் நான் ஆய்வகத்தில்தான் இருந்தேன். சாயங்காலம் மணி அடித்த பிறகும் கொஞ்சநேரம். என் கண் பொய் சொல்கிறதா என்று பார்க்கத்தான் மறுபடி மறுபடி வெட்டினேன். அது சொல்லவில்லை. ஆனால் சாஃப்ரனின் என் விரலில் ஏறிக்கொண்டது. நகக்கண், ரேகை, உள்ளங்கை எல்லாம் சிவப்பு. சோப்பு, சாம்பல், எலுமிச்சைத் தோல், எதற்கும் போகவில்லை.

நம் பக்கத்தில் மனுசரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். கை வெள்ளிப்பூச்சாக மினுங்கினால் பட்டாசுக் கம்பெனி. மஞ்சளாக இருந்தால் கந்தகம் சலிக்கிற ஆள். விரல் நுனி சிவந்திருந்தால் கலர் மத்தாப்புத் தீப்பெட்டிக் கம்பெனி, குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் கையைப் பார்த்து எந்தக் கம்பெனி, சீசன் எப்படி, ஆர்டர் இருக்கா என்று பேச்சைத் தொடங்குவாள். யாரும் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த வருசம்தான் தப்பாகச் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை வெட்டிக்கொண்டே இருந்து பஸ்ஸை விட்டுவிட்டேன். சிவகாசி ரோட்டில் நடந்து போகும்போது கம்பெனி வேன் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருக்காரி ஒருத்தி உள்ளே இருந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இங்கன ஏறு தாயி. இடிச்சுக்கிட்டு ஒக்காரு, எடம் இருக்கு.”

உள்ளே மருந்து வாடையும் மல்லிகைப்பூ வாடையும் வேர்வையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. என் எதிரில் இருந்தவள் என் கையைப் பார்த்தாள்.

“கலர் கம்பெனியா?”

“இல்லக்கா, ஸ்கூலு.”

“ஸ்கூலுல எப்ப இருந்து மருந்து முக்க விடுறாக?” என்று அவள் கேட்க, வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் தெருமுனையில் இறங்கும்போது எதிரில் குடத்தோடு நின்றது அத்தை, அப்பாவின் தங்கை. வேனைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

“எண்ணே, ஒம் மகளப் படிக்க அனுப்புறியா, கம்பெனிக்கு அனுப்புறியா? வேன்ல வந்து எறங்குறா. கையப் பாரு, பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

அப்பா பட்டாசு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் களை எடுத்த குடும்பம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி அடுக்கினாள். வீட்டில் ஒரு பிள்ளையாவது மருந்தைத் தொடாமல் வளர வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அந்த ஒரு பிள்ளை நான். அப்பா என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம் மக பன்னெண்டாப்பு படிக்கிறான்னு லோடுமேன் அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நீ திருட்டுத்தனமாப் போறியா?”

“இது சாயம்பா. செடித் தண்ட வெட்டி அதுல போடுற சாயம். லேப்ல குடுக்குறது.”

“செடிக்கு எதுக்கு சாயம்?”

அம்மா என் விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தாள். “இதுல மருந்து வாடை இல்லங்க” என்றாள். அத்தை விடவில்லை. “வாடை போகக் கழுவிருப்பா. சாயம்தான் போகல” என்றாள். மூன்று பெரியவர்கள் என் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. டீச்சர் என் கண்ணை நம்பவில்லை, இவர்கள் என் வாயை நம்பவில்லை. பின்னே எதற்கு இரண்டும் எனக்கு.

அப்பா முடிவாகச் சொன்னார். “திங்கக்கிழம நானே ஸ்கூலுக்கு வந்து டீச்சர் வாயால கேக்குறேன். ஒழுங்காப் படிக்கிறான்னு அவுக சொன்னாச் சரி. இல்லன்னா செவ்வாக்கிழம காலையில வேன்ல ஏறிரு. ஒளிஞ்சு போறதுக்கு நேராவே போ.” அன்றைக்கே வேன் டிரைவரைத் தேடிப்போய்ச் செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் சேரும் என்று சொல்லிவிட்டும் வந்தார். அப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அது தெருவுக்கே தெரியும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்து நீங்கள் எல்லாரும் வெளியே போனீர்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆய்வக வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“டீச்சர், நல்லா இருக்கீகளா. எம் புள்ள ஒழுங்காப் படிக்குதா?”

“வருது, போகுது. ஆனா ரெக்கார்டு முடிக்கல. எல்லாரும் கையெழுத்து வாங்கியாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. அவருக்கு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. கை சிவப்பு, வேன், முடியாத ரெக்கார்டு. ஆளுக்குப் பாதி தெரிந்துகொண்டு இரண்டு பெரியவர்கள் சேர்ந்து என்னைக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிளேடை எடுத்து, வாளியில் கிடந்த அந்தச் சூரியகாந்தித் தட்டையை எடுத்து, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நின்று வெட்டினேன். சாயத்தில் போட்டேன். விரலோடு சேர்த்துத்தான் போட்டேன். “நல்லாப் பாத்துக்கங்க” என்றேன்.

டீச்சருக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. “அய்யோ, இது நம்ம லேப் சாயம்தாங்க. வேற ஒண்ணும் இல்ல” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம், நான் விடவில்லை. மேசையில் ஏற்கெனவே மாட்டியிருந்த மக்காச்சோளத்தைப் பார்க்கச் சொல்லி அப்பாவைக் குனிய வைத்தேன். முதலில் அவருக்கு அவர் இமை முடிதான் தெரிந்தது. பிறகு திருகைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“இத ஆரு அடுக்குனது? ஒரு ஒழுங்கும் இல்லாம எறஞ்சு கெடக்கு. லோடு இப்படி அடுக்குனா சாத்தூர் தாண்டாது.”

“மக்காச்சோளத்துக்கு அப்படித்தான்பா. காத்துல சாயாம நிக்குதுல்ல.”

ஸ்லைடை மாற்றிச் சூரியகாந்தியை வைத்தேன். “இப்ப நீங்க பாருங்க டீச்சர்” என்றேன். அப்பா நிற்கிறார் என்பதால் டீச்சர் மறுக்கவில்லை. குனிந்தார். திருகைத் தொட்டார், மறுபடி தொட்டார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“இது முத்தின தண்டு. பூ முடிஞ்ச பிறகு வெட்டுனதா?”

“ஆமா டீச்சர். பூவ அறுத்துட்டாங்க.”

“அதான். கற்றைக்குள்ள வளர்ற கேம்பியம் அடுக்கு ஒண்ணோட ஒண்ணு சேந்து, இடைவெளிய மூடிக் கட்டை வச்சிருக்கு. புத்தகத்துல இருக்கிறது இளந்தண்டு.”

பார்த்தீர்களா. அவருக்குத் தெரியாமல் இல்லை. கண்ணை வைத்த மாத்திரத்தில் தெரிந்தது. வைப்பதற்கு என் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. எனக்கு அந்த நிமிசம் ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது, அடுத்த பேச்சில் கீழே விழுந்தேன்.

“இருந்தாலும், பரீட்சைக்கு வர்றவரு இதெல்லாம் கேக்க மாட்டாரும்மா. புத்தகத்துல இருக்கிறதையே வரைஞ்சிட்டு வா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

அப்பாவும் சேர்ந்துகொண்டார். “டீச்சர்தான் எறங்கி வந்து சொல்றாகள்ல. வரைஞ்சிரு தாயி, முடிஞ்சுபோச்சு.”

“மாட்டேன்பா. நான் அதப் பாக்கவே இல்ல. பாக்காதத எப்படிப் பாத்தேன்னு வரைவேன்?”

“பெரியவுகள எதுத்துப் பேசவா ஒன்னப் படிக்க வைக்கிறேன்?” என்று அப்பா சத்தம் போட்டார். “கையெழுத்து இல்லன்னா பரீட்ச இல்லங்காக. பரீட்ச இல்லன்னா பள்ளிக்கூடம் எதுக்கு? நாளைக்கு வேன் வரும், பாத்துக்கோ.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டீச்சர் ரெக்கார்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

கையெழுத்து கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முந்தின வாரம் டீச்சரே கூப்பிட்டு, படத்துக்கு மேலே ‘முதிர்ந்த தண்டு’ என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உண்மையைத்தானே எழுதச் சொன்னார், எழுதினேன். அந்த ரெக்கார்டு இப்போது இல்லை. அம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள், நம் ஊரில் பழைய பேப்பர் வெடிக்குச் சுற்றத்தான் போகும். உங்களுடைய பத்துக்குப் பத்தும் என்னுடைய சிவப்புக் கோடும் ஏதோ ஒரு தீபாவளிக்கு எங்கேயோ ஒன்றாக வெடித்திருக்கும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் இதெல்லாம் வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும். என் கையில் இருந்தது கையெழுத்து இல்லாத ரெக்கார்டும் மறுநாள் வரப்போகிற வேனும்தான்.

அப்பா லோடு ஏற்றிவிட்டு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா என் காதில், “அந்தப் படத்தப் போட்டுத் தொலையேன்டி, ஒன் காலப் புடிக்கிறேன், என்னய மாதிரி ஆயிராத” என்றாள். அம்மா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆனால் பென்சிலை எடுக்கவில்லை.

“வரைஞ்சியா?” என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“இல்ல.”

“வரைவியா?”

“மாட்டேன்.”

ரசம் ஊற்றச் சொன்னார்.

காலையில் நான் வழக்கம்போல யூனிபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டினேன். வேனில் தூக்கிப் போட்டாலும் யூனிபார்மோடு போகிறேன், கம்பெனியிலேயே உட்கார்ந்து வரைகிறேன், யார் என்ன செய்ய முடியும் என்று வைராக்கியம். தெருவில் ஹாரன் கேட்டது. அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. நான் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன், எனக்கு முன்னால் அப்பா தோளில் துண்டோடு வேன் பக்கத்தில் நின்றார். ஜன்னல் முழுக்கப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், எதிர்வீட்டு வாசலில் அத்தையும்.

“இங்கன ஆளு ஏறல. நீ போ” என்றார் அப்பா.

டிரைவருக்குக் கோபம். “என்னண்ணே இது, இன்னைக்கு ஒரு ஆளு வரும்னு வாக்குக் குடுத்தீக. நான் மேஸ்திரிட்ட சொல்லிட்டேன்.”

அப்பா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“குடுத்தேன். பாக்காமக் குடுத்துட்டேன். வண்டிய எடு.”

வேன் போனது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.